ஸ்டீயரிங் ஒடிக்கும்போது முன்பக்கம் 'டக்' சத்தம்: ஷாஃப்ட் மாற்றியும் போகவில்லை

புழுதிக்காற்று (சனி, காலை 7.10)

எல்லாருக்கும் வணக்கம். முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக், பெட்ரோல், மேனுவல் கியர். 8 வருட வண்டி, 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். வலப்பக்கம் ஒடித்தால் அதிகம். நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை.

பட்டறையில் காட்டினேன். இடப்பக்க சிவி ஜாயின்ட்டின் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டு) ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்திருந்தது, நானே குனிந்து பார்த்தேன். ஷாஃப்டையே மொத்தமாக மாற்றிக் கொடுத்தார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், முதல் திருப்பத்திலேயே 'டக்'. மனசு விட்டுப்போயிற்று. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டால், "அப்படின்னா ஸ்டீயரிங் ராக்தான், மாத்திடலாம்" என்கிறார்கள். ராக் என்றால் ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றுகிற பல்சட்டம், பெரிய செலவு. அதையும் மாற்றிய பிறகு சத்தம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? தினமும் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. செலவைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மூன்றாம்கியர் (சனி, காலை 7.45)

என் பழைய வண்டியிலும் இதே மாதிரிதான் வந்தது. கடைசியில் ராக் மாற்றிய பிறகுதான் நின்றது. பட்டறையில் சொல்வது சரியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

அதற்கு முன்னால் ஒன்று: சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் வேலைக்காகச் சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள். நட்டு லூசாக இருந்தாலும் மெதுவாகப் போகும்போது 'டிக் டிக்' என்று கேட்கும். இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

பழைய_ஸ்பானர் (சனி, காலை 9.20)

தம்பி, ராக்குல இப்போதைக்குக் கை வைக்காதீங்க. நட்டு விஷயம் மூன்றாம்கியர் சொன்னது சரி, முதல்ல அதைப் பாருங்க.

முப்பது வருஷமா வண்டிக்கு அடியில படுத்து எழுந்தவன் சொல்றேன். 'திருப்பும்போது சத்தம்'னு சொன்னா அது பாதித் தகவல்தான். திருப்பும்போது ரெண்டு விஷயம் சேர்ந்து நடக்குது. ஒண்ணு, சக்கரம் உருளுது. இன்னொண்ணு, ஸ்டீயரிங் சுத்துது. உங்க சத்தம் இதுல எதோட கணக்குல வருதுங்கறதுதான் கேள்வி. அது தெரிஞ்சா பாதிப் பாகம் சந்தேகப் பட்டியல்லேருந்து தானா விழுந்துடும்.

மூணு காரியம் செய்யுங்க. மூணும் சமதளத்துல.

முதல்ல வண்டி நிக்கட்டும், எஞ்சின் ஓடட்டும், நியூட்ரல், ஹேண்ட்பிரேக். ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் மெதுவா சுத்துங்க. சத்தம் வருதா? வந்தா எத்தனை தடவை, ஸ்டீயரிங் எந்த இடத்துல நிக்கும்போது?

ரெண்டாவது, ஆளில்லாத திறந்த இடத்துல முழுசா வலப்பக்கம் ஒடிச்சு வச்சுக்கிட்டு, ஸ்டீயரிங்கை அசைக்காம முதல் கியர்ல வட்டம் போடுங்க. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் குடுங்க. அப்புறம் காலை எடுங்க. ரெண்டுக்கும் சத்தத்துல வித்தியாசம் இருக்கா? இடப்பக்கமும் அதேபோல.

மூணாவது, அதே வட்டத்துல பிரேக்கை லேசா, வண்டி நிக்காத அளவுக்கு மிதிச்சுப் பாருங்க. சத்தம் மாறுதா?

எழுதி வச்சுக்கிட்டு வந்து சொல்லுங்க. ஞாபகத்துல நம்பிக்கை வேண்டாம், ஒரே நாள்ல கலங்கிடும்.

கோணமானி (சனி, காலை 10.05)

ஸ்பானர் ஐயா சொன்னதற்குப் பின்னால் இருக்கிற காரணத்தைச் சேர்த்துவிடுகிறேன். முன்சக்கர இழுவை வண்டியில் இது தெரிந்தால் பயம் பாதி குறையும்.

சக்கரத்துப் பக்கம் இருக்கிற வெளி சிவி ஜாயின்ட்டுக்குள் பெரும்பாலும் 6 எஃகுக் குண்டுகள் இருக்கும். 1959-இல் வந்த மினி காரிலிருந்து இந்த அமைப்பு சிறு கார்களில் பரவலாயிற்று. சக்கரம் நேராக இருக்கும்போது குண்டுகள் தங்கள் தடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். சக்கரத்தை ஒடித்ததும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு குண்டும் தடத்தில் முன்னும் பின்னும் ஓடியாக வேண்டும். பூட் கிழிந்து, கிரீஸ் போய், மண் புகுந்த ஜாயின்ட்டில் தடமும் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடும் பள்ளம் விழுந்திருக்கும். இழுவிசை ஏறும்போது குண்டு அந்தப் பள்ளத்தில் இடிக்கும். அதுதான் 'டக்டக்டக்'.

ஆக, வெளி ஜாயின்ட் சத்தத்துக்கு மூன்று அடையாளம். வண்டி நகர்ந்தால்தான் வரும். வேகம் கூடினால் டக்குகள் நெருங்கும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பலக்கும், காலை எடுத்தால் அடங்கும். சிறு காரின் டயர் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒன்றரைச் சுற்று சுற்றும். அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போனால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று என்று அர்த்தம். ஷாஃப்டாக இருக்கலாம், நட்டாக இருக்கலாம், டயரில் சிக்கிய கல்லாகக்கூட இருக்கலாம்.

'வலப்பக்கம் ஒடித்தால் சத்தம் என்றால் இடப்பக்க ஜாயின்ட்' என்று பலர் சொல்வார்கள். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குத்தான் பாரம் அதிகம், அதனால் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் உள்பக்கச் சக்கரம் ஒடிவது இன்னும் கூடுதல் கோணத்தில். ரொம்பத் தேய்ந்த ஜாயின்ட் இரண்டு பக்கமும் கத்தும். இதை மட்டும் நம்பிப் பாகம் வாங்கக் கூடாது.

புழுதிக்காற்று (ஞாயிறு, மாலை 5.30)

மூவருக்கும் நன்றி. எல்லாம் செய்து பார்த்தேன்.

சக்கர நட்டுகள் எல்லாம் இறுக்கமாகவே இருக்கின்றன.

நிறுத்தி வைத்து ஸ்டீயரிங் சுற்றினால் சத்தம் வருகிறது! 'டக்' என்பதைவிட 'டங்' என்று சொல்லலாம், கம்பியை இழுத்து விட்ட மாதிரி. நடுவிலிருந்து வலப்பக்கம் சுமார் முக்கால் சுற்று போனதும் ஒருமுறை. திரும்ப நடுவுக்கு வரும்போது ஏறக்குறைய அதே இடத்தில் இன்னொரு முறை, கொஞ்சம் மெல்ல. இடப்பக்கம் ஒடித்தால் எப்போதாவதுதான்.

வட்டம் போட்டபோது, ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்து அசைக்காமல் ஓட்டினால் சத்தமே இல்லை. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் இல்லை. பிரேக் மிதித்துப் பார்க்க அங்கே சத்தமே கிடைக்கவில்லை.

இன்னொன்று. பட்டறையில் காட்டுவதற்காக இரண்டு மாதத்துக்கு முன் போனில் எடுத்த வீடியோ கிடைத்தது. அதில் டக்டக்டக் என்று வரிசையாக, வேகத்தோடு கூடிக்கூடிப் போகிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் தனியாக ஒரு 'டங்'. இத்தனை நாளாக இரண்டும் ஒரே சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோணமானி (ஞாயிறு, மாலை 6.00)

அந்த வீடியோ பெரிய உதவி செய்திருக்கிறது. உங்கள் வண்டியில் இரண்டு சத்தங்கள் இருந்திருக்கின்றன. வரிசையாக வந்தது சிவி ஜாயின்ட். அது போய்விட்டது. ஷாஃப்ட் மாற்றியது வீண் செலவில்லை, பட்டறைக்காரர் அதில் தவறு செய்யவுமில்லை. அந்த இரைச்சலுக்கு அடியில் ஒளிந்திருந்ததுதான் இந்த 'டங்'.

பழைய_ஸ்பானர் (ஞாயிறு, இரவு 8.15)

நல்லா கவனிச்சிருக்கீங்க தம்பி. நின்ன வண்டியில சக்கரம் உருளல, ஷாஃப்ட் சுத்தல, ஆனா சத்தம் வருது. அப்போ ஷாஃப்ட், சக்கர நட்டு, டயர்க் கல்லு எல்லாம் வெளியே. பிரேக்கும் இல்ல, சக்கர பேரிங்கும் இல்ல. பேரிங் போனா பெரும்பாலும் 'உம்'முனு வேகத்தோட ஏறுற இரைச்சல்தான் வரும்.

மிச்சம் இருக்கறது ஸ்டீயரிங்கோட சேர்ந்து திரும்புற சாமான்கள். மேலேருந்து கீழே வருவோம். ஸ்டீயரிங் வீலுக்குப் பின்னால ஏர்பேக்குக்குப் போற சுருள் வயர், அதுக்குக் கீழ ஸ்டீயரிங் தண்டோட ஜாயின்ட், அப்புறம் ராக், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தாங்கற ஷாக் அப்சார்பர் தூண்) மேல இருக்கற மவுண்ட் பேரிங், ஸ்பிரிங். இதையெல்லாம் தாங்கற அடிச்சட்டம், அதாவது சப்ஃபிரேம், அதோட போல்ட் லூசா இருந்தாலும் நின்ன இடத்துலயே ஒரு 'டொக்' வரும்.

கம்பி இழுத்துவிட்ட மாதிரி 'டங்'குனு சொல்றீங்க பாருங்க, அந்த வார்த்தைதான் எனக்கு முக்கியம். மத்ததெல்லாம் 'டொக்', 'கடக்'னு செத்த சத்தமா இருக்கும். 'டங்'குனு அதிர்றது ஸ்பிரிங் மட்டும்தான்.

ஸ்டீயரிங் ஒடிச்சா ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சக்கரத்தோட சேர்ந்து திரும்பணும். மேல பாடியோட சேர்ற இடத்துல ஒரு பேரிங் இருக்கு, அது வழுக்கி விட்டாத்தான் ஸ்பிரிங் திரும்பும். அந்தப் பேரிங் மண்ணு தண்ணி புகுந்து பிடிச்சுக்கிட்டா, ஸ்பிரிங் கீழ மட்டும் திரும்பி முறுக்கிக்கும். முறுக்கு தாங்கற வரைக்கும் தாங்கிட்டு, அப்புறம் ஒரே குதியா விடும். அதான் 'டங்'. ஒரே இடத்துல வர்றதுக்கும் அதான் காரணம்.

உறுதி செய்ய ஒரு வழி. வண்டி தரையிலதான் நிக்கணும், ஜாக்கி போடாதீங்க, பாரம் இல்லேன்னா சத்தம் வராது. ஒருத்தர் உள்ளே உக்காந்து ஸ்டீயரிங்கை மெதுவா சுத்தட்டும். நீங்க சக்கர வளைவுக்குள்ள கையை விட்டு ஸ்பிரிங்கோட வெளிப்பக்கம் உள்ளங்கையை ஒட்டி வைங்க. விரலை ரெண்டு சுருளுக்கு நடுவுல விடவே கூடாது. டயருக்கும் பாடிக்கும் நடுவுல கை மாட்டாத மாதிரி நில்லுங்க. உள்ளே இருக்கறவர் நீங்க சொன்னா மட்டும் சுத்தணும். ஸ்பிரிங் சீரா திரும்புதா, இல்ல நின்னு நின்னு குதிக்குதான்னு கைக்கே தெரிஞ்சுடும். ரெண்டு பக்கமும் பாத்து ஒப்பிடுங்க.

மூன்றாம்கியர் (ஞாயிறு, இரவு 9.00)

ஐயா, ராக்கை முழுசாக ஒதுக்கிவிடலாமா? என் வண்டியில் நின்ற இடத்தில் சுற்றினாலும் சத்தம் வந்ததே.

பழைய_ஸ்பானர் (ஞாயிறு, இரவு 9.25)

ஒதுக்கல. கடைசியில வைக்கச் சொல்றேன். ராக்குல ஆட்டம் இருந்தா அது ஸ்டீயரிங் வழியா கைக்கு வரும். ஸ்டீயரிங்கை ரெண்டு விரல் அளவு இப்படியும் அப்படியும் வேகமா ஆட்டினா 'கடகட'ன்னு பேசும். மேடு பள்ளத்துல நேரா போகும்போதே தட்டும். இவருக்கு அது எதுவும் இல்ல. முக்கால் சுத்துல ஒரே ஒரு 'டங்', அவ்வளவுதான். ராக்கைக் கழட்டறதுன்னா சப்ஃபிரேமைக்கூட இறக்க வேண்டி வரும், அப்புறம் அலைன்மென்ட். எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கா இருந்தா சென்சாருக்கு மறுபடி நடு சொல்லிக் குடுக்கணும். கையை வச்சுப் பாக்க அஞ்சு நிமிஷம். எதை முதல்ல செய்யணும், நீங்களே சொல்லுங்க.

மழைத்தூறல் (திங்கள், காலை 6.50)

இழைக்குள் என் சந்தேகத்தையும் சேர்க்கலாமா? என் வண்டியில் ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகர்த்தும்போது ஒரே ஒரு 'டிக்'. அடுத்து மறுபடி ரிவர்ஸ் எடுக்கும்வரை வராது. ஒடித்திருந்தாலும் நேராக இருந்தாலும் அதேதான்.

கோணமானி (திங்கள், காலை 7.30)

உங்களுடையது திசை மாறும்போது வருகிறது. திருப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, பிரேக் பேட். காலிப்பருக்குள் பேட் உட்காரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். ரிவர்ஸில் பிரேக் மிதித்தால் பேட் ஒரு முனைக்கு நகரும். முன்னால் போய் மிதித்தால் மறு முனைக்குத் தட்டும். 'டிக்' பிரேக் மிதிக்கிற கணத்தில்தான் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் பேட்டைப் பிடித்திருக்கிற கிளிப் தளர்ந்திருக்கும் அல்லது விட்டுப்போயிருக்கும்.

இரண்டு, பிரேக்கே தொடாமல் கிளட்ச் விடும்போது 'டிக்' வந்தால், ஷாஃப்ட் முனை சக்கர ஹப்புக்குள் நுழையும் பல்லிலும், இரண்டும் முட்டும் முகத்திலும் சந்தேகம். அங்கே கிரீஸ் இல்லாமல் காய்ந்து போனாலோ, ஷாஃப்ட் முனையைப் பிடித்திருக்கும் நடு நட்டு சரியாக இறுகாமல் இருந்தாலோ, விசை திசை மாறும்போது ஒரு வழுக்கல் வரும். அந்த நட்டின் இறுக்கம் சாதாரண விஷயமில்லை. பல சிறு கார்களில் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவுக்கு டார்க் ரென்ச்சால்தான் இறுக்க வேண்டும். சக்கர பேரிங்கின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது. தட்டி நசுக்கிப் பூட்டுகிற வகை நட்டாக இருந்தால் கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது, புதியதுதான்.

புழுதிக்காற்று (செவ்வாய், இரவு 7.40)

கை வைத்துப் பார்த்தோம். மனைவி உள்ளே உட்கார்ந்து சுற்றினாள். வலப்பக்க ஸ்பிரிங் சக்கரத்தோடு அலுங்காமல் திரும்புகிறது. இடப்பக்கம் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. கொஞ்ச தூரம் உள்ளங்கையில் ஒரு இறுக்கம் ஏறுகிறது, பிறகு 'டங்' என்று கையிலேயே அடிக்கிறது. பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் விரல் வைத்தேன். அங்கேயும் அதிர்வு தெரிகிறது, ஆனால் கீழே அளவுக்கு இல்லை.

அப்படியானால் மேல் பேரிங்தானே? வாங்கிவிடட்டுமா?

பழைய_ஸ்பானர் (செவ்வாய், இரவு 8.30)

பக்கம் தெரிஞ்சுபோச்சு, சந்தோஷம். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். கீழ அதிர்வு அதிகம்னு சொல்றீங்க. பேரிங் பிடிச்சிருந்தாலும் ஸ்பிரிங் குதிக்கும், ஸ்பிரிங்கோட கீழ்முனை உடைஞ்சிருந்தாலும் குதிக்கும். கையை வச்சு இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

கீழ்த் தட்டுல ஸ்பிரிங் உக்கார்ற இடத்துல மண்ணும் தண்ணியும் தேங்கும். பெயிண்ட் உரிஞ்சு, துரு தின்னு, கடைசிச் சுருள்ல அரை வட்டமோ கால் வட்டமோ பிட்டுக்கும். உடைஞ்ச துண்டு தட்டுலயே உக்காந்திருக்கும், வெளியிலேருந்து பாத்தா முழுசாத் தெரியும். நான் ரெண்டு தடவை இதுல ஏமாந்து பேரிங்கை மட்டும் மாத்திக் குடுத்திருக்கேன். வண்டி திரும்பி வந்தப்போ அந்தக் குடும்பத்துக்கு முன்னாடி நின்ன சங்கடம் இன்னும் மறக்கல.

டார்ச் அடிச்சு, ஸ்பிரிங்கோட கீழ்முனை தட்டுல இருக்கற படிக்கட்டு மாதிரி தடுப்பைத் தொட்டுக்கிட்டு நிக்குதான்னு பாருங்க. வலப்பக்கத்தோட ஒப்பிடுங்க. இந்த முனை உடைஞ்சிருந்தா தள்ளிப்போடாதீங்க. கூரான முனை டயர் பக்கம் நழுவிச்சுன்னா டயரோட பக்கச் சுவரைக் கிழிச்சுடும். அது வரைக்கும் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வேகமா போக வேண்டாம்.

ஸ்ட்ரட்டை நீங்களே பிரிக்காதீங்க. அழுத்தின ஸ்பிரிங் நழுவினா ஆளையே அடிச்சுப் போட்டுடும். அதுக்குன்னு இருக்கற கம்ப்ரஸர் கருவியோட பட்டறையிலதான் செய்யணும்.

மழைத்தூறல் (புதன், காலை 7.15)

பிரேக் தொடாமல் கிளட்ச் மட்டும் விட்டுப் பார்த்தேன், சத்தம் இல்லை. மிதிக்கிற கணத்தில்தான் 'டிக்'. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது வலப்பக்கப் பேட்டில் ஒரு கிளிப்பே இல்லை. நன்றி கோணமானி.

புழுதிக்காற்று (வெள்ளி, இரவு 9.10)

வேலை முடிந்தது. விவரமாகச் சொல்கிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

டார்ச்சில் பார்த்தபோது இடப்பக்க ஸ்பிரிங்கின் முனை தடுப்பிலிருந்து ஒரு விரல் அகலம் விலகி நின்றது. வலப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே பட்டறைக்குத்தான் போனேன். ராக் வேண்டாம், முதலில் இதைக் கழற்றிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தலைமை மெக்கானிக் மறுக்காமல் வந்து தானும் ஒருமுறை கை வைத்துப் பார்த்துவிட்டு உடனே சம்மதித்தார்.

ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து ஸ்பிரிங்கைப் பிரித்ததும் கீழ்த் தட்டில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு தனியாகக் கிடந்தது. உடைந்த முகத்தில் பாதி கருத்த துரு, பாதி பளபளப்பு. முதலில் விரிசல் விட்டு, பல மாதம் அப்படியே ஓடி, பிறகு மீதி அறுந்திருக்கிறது என்று மெக்கானிக் காட்டினார். ஒடிக்கும்போதெல்லாம் மீதி ஸ்பிரிங் அந்தத் துண்டின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. மேல் பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரவென்று இருந்தது, ஆனால் பிடித்திருக்கவில்லை. எப்படியும் பிரித்தாகிவிட்டது என்பதால் இரண்டு பக்கமும் பேரிங்கையும் மவுண்ட்டையும் மாற்றினோம். ஸ்பிரிங்கும் ஜோடியாக, ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டியின் உயரம் சாயும் என்றார். கடைசியில் அலைன்மென்ட்.

இப்போது நின்ற இடத்தில் கடைசிவரை சுற்றினாலும் சத்தம் இல்லை. ஸ்டீயரிங் முன்னைவிட இலேசாகத் தானாக நடுவுக்கு வருகிறது. இத்தனை நாள் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை.

ஸ்பானர் ஐயா, கோணமானி, மூன்றாம்கியர், மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேரிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால் மூன்றாம் முறையாக அதே வாசலில் நின்றிருப்பேன்.

மூன்றாம்கியர் (வெள்ளி, இரவு 9.40)

படித்து மகிழ்ந்தேன். என் பழைய வண்டிக்கு ராக் மாற்றியபோது ஸ்ட்ரட்டையும் இறக்கி ஏற்றினார்கள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. சத்தம் எதனால் நின்றது என்று இனி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பழைய_ஸ்பானர் (வெள்ளி, இரவு 10.05)

நல்ல சேதி தம்பி. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இடப்பக்க டயரை முழுசா ஒடிச்சு வச்சுட்டு, உள்பக்கச் சுவரை டார்ச் அடிச்சு, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி முழு வட்டமும் பாருங்க. அந்த முனை எப்போவாவது உரசியிருந்தா வட்டமா ஒரு கோடு தெரியும். நூல் தெரியற அளவுக்கு இருந்தா அந்த டயர்ல ஓட்டக் கூடாது.

புழுதிக்காற்று (சனி, காலை 6.30)

விடிந்ததும் பார்த்தேன் ஐயா. உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய உரசல் இருக்கிறது, நகத்தால் தடவினால்கூட மாட்டவில்லை. நூல் எதுவும் தெரியவில்லை. சாக்பீஸால் அந்த இடத்தில் குறி போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை டயர்க் கடையில் கழற்றி உள்ளேயும் பார்க்கச் சொல்கிறேன்.